பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட வைக்க எவ்வளவு ஆகும்: சென்னையில் கணக்குப் போடும் முறை

எம்ஜிபி, எம்ஜிஏ, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்தவர் முதலில் கேட்பது "மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். பிரித்துப் பார்க்காமல் அதற்கு ஒரே தொகையாகப் பதில் சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. உள்ளே எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியாத வரை அந்தத் தொகைக்கு அர்த்தமே கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வரிசை இருக்கிறது, அதன்படி போனால் செலவு கட்டுக்குள் நிற்கும், வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு கொடுக்க வேண்டி வரும்.

ஆனாலும் மனதில் ஒரு எண் இல்லாமல் யாரும் இறங்க முடியாது. டிங்கரிங், பெயின்ட், சீட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், வயரிங் என்று இயந்திர வேலையை மட்டும் முழுதாகச் செய்ய, இந்த வகை பிரிட்டிஷ் வண்டிக்கு 6 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை ஒதுக்கி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இது என் மதிப்பீடு, விலைப்பட்டியல் இல்லை. இதில் பாதிக்கு மேல் பாகங்களுக்குப் போகும். மெக்கானிக் கூலியும் லேத் வேலையும் சேர்ந்து கால் பங்கு வரும். மீதியைத் தொடாமல் வையுங்கள், பிரித்த பிறகு தெரிய வருகிற வேலைக்கு அது கட்டாயம் தேவைப்படும். யாராவது இதில் பாதிக்கு முடித்துத் தருகிறேன் என்றால், எதையெல்லாம் தொடப் போவதில்லை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருப்பதால் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அம்பத்தூரிலும் கிண்டியிலும் நல்ல கை உள்ள லேத்துக்காரர்கள் இருக்கிறார்கள், போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங், புஷ் கடைவது எல்லாம் இங்கேயே சுத்தமாக நடக்கும், இங்கிலாந்தில் அதே வேலைக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்க வேண்டும். நமக்குக் காசு கரைவது பாகத்தில்தான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

முதல் செலவு, என்ஜினுக்கு இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் போய் இரும்பைப் பாருங்கள். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு, அது அரித்திருந்தால் என்ஜினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வெல்டிங் வேலை முடியட்டும். ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேஸிஸ் உண்டு, அதில் பக்கவாட்டில் நீளும் கைகளைத் தட்டிப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் பல வருஷம் நின்ற வண்டியாக இருந்தால் இன்னும் கவனம், உப்புக் காற்று வெளியே பெயின்டை விட்டுவிட்டு உள்ளே தின்றிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போகிறதா என்பதே போதுமான சோதனை. கூடவே 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ வண்டி தண்ணீரில் நின்றதா என்று விற்றவரிடம் நேராகக் கேளுங்கள், அவர் பதில் எதுவானாலும் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டிலிருந்தும் கொஞ்சம் ஆயிலை எடுத்துப் பாருங்கள். காபி நிறத்தில் குழம்பி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங் அனைத்துக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

அப்புறம் என்ஜின். பல வருஷம் ஓடாத என்ஜினை பேட்டரி போட்டு செல்ஃப் அடிக்கக் கூடாது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒன்றிரண்டு நாள் ஊற விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால், ஆயிலும் பேட்டரியும் சரி செய்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, சூடான பிறகு ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி எடுங்கள், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும். நான்கு சிலிண்டருக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டரின் உட்சுவரான போரோ தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. இந்த ஒரு ஸ்பூன் ஆயில் முடிவு செய்வது பெரிய தொகையை: வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், ரிங் என்றால் என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும்.

ட்ரையம்ஃப் வைத்திருப்பவர்கள் இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரை உள்ளே உட்கார வைத்து கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்கின் பின்பக்கம் இருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அரை நிலா வடிவில் இரண்டு துண்டு, பாகங்களிலேயே மலிவான பாகம். என்ஜினை இறக்காமல், அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பையும் பின் மெயின் பேரிங் கேப்பையும் கழற்றியே மாற்றலாம். விட்டுவைத்தால் அது ஒரு நாள் கழன்று சம்ப்பில் விழும், அதன் பிறகு கிராங்க் நேராக பிளாக்கிலேயே உரசும், இரண்டுமே வீணாகிவிடும். வாங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்ய விற்பவர் சம்மதிக்காவிட்டால் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன்.

என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று முடிவானால், பிரித்த அன்றே ஸ்பேர் ஆர்டர் போடும் ஆசையை அடக்குங்கள். பிளாக், கிராங்க், ஹெட் மூன்றையும் கழுவி லேத்துக்குக் கொண்டுபோங்கள், முடிந்தால் நீங்களும் கூடவே நில்லுங்கள். அவர் மைக்ரோமீட்டரை கிராங்க் ஜர்னலில், அதாவது பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதியில் வைத்து ஒரு இடத்தில் அளப்பார், அப்படியே தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடி அளப்பார், இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஜர்னல் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஜர்னலுக்கும் இரண்டு எண், அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போருக்கும் அப்படித்தான், மேலே, நடுவே, கீழே. "அண்ணே, இருபது ஓவர்சைஸில் சுத்தமாகுமா, முப்பதுக்குப் போகணுமா?" என்று கேட்டு, அவர் சொல்கிற அளவில்தான் பிஸ்டன் வாங்க வேண்டும். இருபது என்பது 0.020 அங்குலம். கிராங்கும் அதே கணக்குதான், பத்து, இருபது, முப்பது என்று கிரைண்டிங் இறங்கும், பேரிங் அதற்கேற்ற அண்டர்சைஸில் வர வேண்டும். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே கடைசி அளவு வரை போயிருந்தால் ஸ்லீவ் போட்டு ஸ்டாண்டர்டு அளவுக்குத் திரும்பலாம், இங்கே அதற்கு ஆள் இருக்கிறார்கள். முன்கூட்டியே ஸ்டாண்டர்டு பிஸ்டன் செட்டை வெளிநாட்டிலிருந்து இறக்கி வைத்தவர்களிடம் அது பெட்டியோடு அலமாரியில்தான் இருக்கும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகு, அந்த பிஸ்டனை அளந்துதான் போரிங்கின் கடைசி வெட்டு போட வேண்டும், இதில் லேத்துக்காரரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஹெட் வேலைக்கு ஒரு கட்டாயச் சேர்க்கை உண்டு. இந்த வண்டிகள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை, அந்த ஈயம்தான் வால்வு சீட்டைக் காப்பாற்றி வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். ஹெட் எப்படியும் மேஜை மேல் இருக்கிறது, அப்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் ரிங் அடித்துவிடுங்கள். தனியாக இன்னொரு முறை ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட், கூலி எல்லாம் மறுபடி.

பாகங்கள் விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் அதிகமாக மிச்சம் பிடிக்கலாம். நம் ஊரில் ஓடிய வண்டிகளுக்கும் இவற்றுக்கும் உறவு உண்டு. எம்ஜிஏ 1500-ல் இருக்கும் 1489 சிசி என்ஜினும், அம்பாசடரில் பல வருஷம் வந்த 1489 சிசி என்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் ட்ரையம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்தது, அந்த ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தார்கள், 1961-ல் தொடங்கி. அதனால் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் சுற்றுவது வெட்டி வேலை இல்லை. லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா இரண்டும் 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வந்தவை, அந்த பிரிட்டிஷ் வண்டிகளுக்கு டைனமோ செய்த லூகாஸ், ஸ்பிட்ஃபயருக்கு பிரேக் செய்த கெர்லிங் வழிதான் இவையும், ஆகவே பிரஷ், பாயிண்ட், சீல் மாதிரி சின்ன சாமான்களில் சில இங்கேயே பொருந்தும். ஆனால் குடும்பம் ஒன்று என்பதால் எல்லாம் பொருந்தாது. நம் ஹெரால்டு கடைசி வரை 948 சிசிதான், ஸ்பிட்ஃபயர் 1147-ல் தொடங்கியது, ஸ்ட்ரோக் ஒன்று, போர் வேறு, பிஸ்டன் சேராது. பழைய பாகத்தையும் வெர்னியரையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள், "சார், அதே மாதிரிதான்" என்ற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இங்கே கிடைக்காததை இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்க வேண்டும். விற்பனையாளரின் இணையதளத்தில் காட்டும் விலையில் அந்நாட்டு வாட் 20 சதவீதம் சேர்ந்திருக்கும், ஏற்றுமதிக்கு அது கிடையாது, பில்லில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நம் சுங்க வரி பாகத்தின் விலை மேல் மட்டும் இல்லை, அனுப்பும் கட்டணமும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த தொகை மேல். 100 பவுண்டு பாகத்துக்கு 40 பவுண்டு கூரியர் என்றால் வரி 140-க்கு. அதனால் வாரம் ஒரு கேஸ்கெட் என்று வரவழைப்பது கட்டுப்படியாகாது, அளந்து முடித்து ஒரே பட்டியலாக, கனமானதைக் கனமானதோடு சேர்த்து ஒரே முறை போடுங்கள். பட்ஜெட்டில் இணையதள விலையை ஒன்றரை மடங்காக்கி எழுதினால் பெரும்பாலும் அதிர்ச்சி இருக்காது. ரீகண்டிஷன் செய்த ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ், காலிப்பர் போன்றவற்றை அங்கே பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கில் விற்பார்கள், நாம் திருப்பி அனுப்பவே ஒரு தொகை ஆகும். அவற்றை வாங்காமல் ரிப்பேர் கிட் மட்டும் வாங்கி, உங்களுடையதையே இங்கே செய்துகொள்ளுங்கள்.

கியர்பாக்ஸைச் சத்தத்தை வைத்தே ஓரளவு கணக்குப் போடலாம். ஒன்று, இரண்டு, மூன்றில் முனகி, நான்காவதில் அடங்கினால் தேய்ந்திருப்பது கியர்பாக்ஸின் துணைத் தண்டான லேஷாஃப்டும் அதன் பேரிங்கும், ஏனென்றால் நான்காவது நேரடி கியர், அதில் லேஷாஃப்ட் மேல் சுமை இல்லை. கியர் மாற்றும்போது கரகரத்தால் சிங்க்ரோ ரிங், அல்லது கிளட்ச் சரியாக விடவில்லை, ஆகவே முதலில் கிளட்ச் ஹைட்ராலிக்கைப் பாருங்கள், அது மலிவு. ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்றால் பிரிக்கும் முன் சோலனாய்டு வயரைச் சோதியுங்கள், பல சமயம் அதோடு முடிந்துவிடும். என்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் ஆயில் சீல் நான்கையும் மாற்றிவிட வேண்டும், பிளேட் பாதி மிச்சம் இருந்தாலும்.

பிரேக்கில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை, பல வருஷம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கும். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் கிட் போட்டால் சில மாதத்தில் கசியும். சிலிண்டரை மாற்றுங்கள், அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடுங்கள். ஹோஸ் எல்லாம் புதிது, பைப் எல்லாம் புதிது, டாட் 4 ஆயில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றம். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள், முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம் என்று சொல்லும். பத்து வருஷ டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

சஸ்பென்ஷனில் புஷ்களை இங்கேயே கடைந்து போடலாம். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு முன் வீலில், சக்கரம் திரும்பும் கீழ் மூட்டாக ட்ரனியன் என்று ஒன்று உண்டு, அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈ.பி. 90 கியர் ஆயில் ஏற்ற வேண்டும். நம் சர்வீஸ் ஸ்டேஷனில் பார்த்த இடமெல்லாம் கிரீஸ் கன் வைப்பார்கள், அங்கே நின்று தடுங்கள். கிரீஸ் கெட்டியாகி, ஆயில் போகாமல், உள்ளே தண்ணீர் தங்கி, ட்ரனியனில் திருகி நிற்கும் இரும்புத் துண்டின் மரை அரித்து, ஓடும்போதே முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஒரு கப் ஆயிலில் தடுக்கக்கூடிய விபத்து இது.

சூடு இந்த ஊரின் நிரந்தரப் பிரச்சினை. ரேடியேட்டரை மாற்றும் முன் பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பாதையை அடைத்திருக்கும் மூடியான கோர் பிளக்கைத் தட்டி எடுத்து உள்ளே பாருங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டியில் உப்பும் துருவும் சேறாகக் கடைசி சிலிண்டரைச் சுற்றி இறுகிக் கிடக்கும், அதைச் சுரண்டி எடுக்காமல் எந்த ரேடியேட்டர் போட்டாலும் மே மாத மவுண்ட் ரோட்டில் கொதிக்கும். ரேடியேட்டருக்குப் புது கோர் இங்கேயே போடுவார்கள், மேல் கீழ் தொட்டி பழையதே இருக்கட்டும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள். ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் கூடுதலாக வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நான்கு போல்ட்டில் கழற்றிவிடலாம்.

பெட்ரோல் பாதையும் இப்போது தனி செலவு. பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20, பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாவற்றையும் அது இளக்கும், டேங்கில் தண்ணீரையும் இழுக்கும். ஹோஸ் முழுக்க எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் வகைக்கு மாற்றுங்கள், டேங்க் உள்ளே சுத்தம் செய்யுங்கள், மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலை இறக்கிவிடுங்கள். எஸ்.யு. கார்புரேட்டர் ஐட்லிங் நிலையாக நிற்கவில்லை என்றால் ஜெட்டைத் திருகிக்கொண்டே இருக்காமல், ஓடும்போது த்ராட்டில் ஸ்பிண்டில் ஓரத்தில் கார்ப் கிளீனர் கொஞ்சம் அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது, புஷ் கடைந்து புது ஸ்பிண்டில் போட்டால் தீரும்.

வயரிங்கில் ஒன்றே ஒன்று: 1967 வரை வந்த எம்ஜிபி உட்பட பல வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பேட்டரி மாற்றுகிற பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

செலவைப் பார்த்து மலைத்து, மாருதி என்ஜினோ டீசல் என்ஜினோ போட்டுவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். என்ஜினை மாற்றினால் அந்த வழியும் போகும், வண்டியின் மதிப்பும் போகும்.

மெக்கானிக்கிடம் பணம் கொடுப்பதை வேலையின் கட்டங்களோடு கட்டுங்கள்: பிரித்து அளந்த பட்டியல் வந்ததும் ஒன்று, லேத் முடிந்ததும் ஒன்று, என்ஜின் ஓடியதும் ஒன்று, 500 கிலோமீட்டர் கழித்துக் கடைசி. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுங்கள், நட்டு போல்ட்டைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பூட்டுகிறவருக்கு அது இல்லாவிட்டால் கூலி நாள் இரட்டிப்பாகும், அதுவும் உங்கள் கணக்கில்தான்.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாக நினைத்துக் கடைசிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் 20 நிமிஷம் ஐட்லிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம் அளவில் வைத்து ஓட விடுங்கள், புது கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் அப்போதுதான் சரியாகப் பழகும். ஆயில் வாங்கும்போது தட்டை டாப்பெட் என்ஜினுக்கு உகந்த, துத்தநாகம் கூடுதலாக உள்ள மினரல் ஆயிலாகப் பாருங்கள், இன்றைய காருக்கான சிந்தெடிக் வேண்டாம். அப்புறம் அதிகாலையில் ஈசிஆரில், வேகத்தை ஏற்றி இறக்கி, அதிகச் சுமை கொடுக்காமல் ஓட்டுங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி டைட் செய்து, டாப்பெட் கேப் பார்த்து, 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இறக்கிய ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பொடி இருந்தால் சகஜம். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது, கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு அன்றே சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.